சிறுநீரக மருத்துவ வரலாற்றில் பொருளுடைமை

திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரத்து இறுதிக் குறள், மருத்துவமாவது நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து இயற்றுவான் என்னும் நான்கு உறுப்புக்களால் ஆயது எனக் கூறுதலைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். அந்நான்கனையும் மீண்டும் நந்நான்காகப் பகுத்துரைக்கும் பரிமேலழகர், நோயுற்றவனுக்கு வேண்டப்படுவனவற்றுள் ‘பொருளுடைமை’ என்பதனை முதற்கண் வைத்தார். மருத்துவன் சொல்வழி நிற்றலும், நோயின் நிலையை எடுத்துணர்த்தலும், மருந்தினால் வருந் துன்பத்தைப் பொறுத்தலும் அதன் பின்னரே வருகின்றன. வகுப்பறையில் இவ்வுரையைப் பலகாலும் யான் நடத்தியுள்ளேன். ஆயினும் அம்முதற் சொல்லின்கண் நின்று எண்ணியதில்லை.

சில ஆண்டுகட்கு முன்னர் என் உறவினர் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் செயலற்றன எனத் தெரியவந்தபொழுது, மருத்துவர் ஒரு தாளினை எடுத்து, அவர் முன்னுள்ள வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் காட்டினார். மருத்துவமனைக்குச் சென்று வாரந்தோறும் மும்முறை பொறியின் வாயிலாகக் குருதியைத் தூய்மை செய்துகொள்ளுதல். வீட்டிலிருந்தவாறே வயிற்றறையின் வழியாக அத்தூய்மையைச் செய்துகொள்ளுதல். பிறர் ஒருவரின் சிறுநீரகத்தைப் பெற்றுப் பொருத்திக்கொள்ளுதல். இவை யாதும் வேண்டாவெனின் துன்பந் தணிக்கும் மருந்துகளோடு எஞ்சிய நாட்களைக் கழித்தல். நான்கனையும் எழுதி முடித்த பின்னர் அவர் வினவிய முதல் வினா குடும்பத்தின் வருவாய் பற்றியது. பரிமேலழகர் அன்றுதான் எனக்கு விளங்கினார்.

இந்நான்கு வழிகளும் எப்பொழுது, யாரால், எவ்வாறு தோன்றின என்பதும், ஒருவர் இவற்றுள் எதனைப் பெறுவார் என்பதனை வெவ்வேறு காலங்களில் எவர் முடிவு செய்தனர் என்பதும் ஈண்டு ஆராயப்படுகின்றன. மருத்துவ அறிவுரை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்கு யான் உரியேனும் அல்லேன்.

நோயும் சொல்லும்

பழைய வழக்கில் குண்டிக்காய் எனப்பட்ட சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தைக் குருதியினின்றும் வடித்து, வேண்டுவனவற்றை மீட்டுக் கொண்டு, ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரளவே சிறுநீராகப் புறந்தள்ளுகின்றன. அவை செயலறின் யூரியா முதலிய கழிவுகள் குருதியில் தேங்கும். நீர் தேங்கி உடல் வீங்கும். பொட்டாசியம் மிகுமாயின் இதயத் துடிப்பே நின்றுவிடும். வீக்கத்தை நீர்க்கோவை என்று கண்ட பண்டை மருத்துவர் பலர், அதன் வேர் சிறுநீரகத்தில் உளதாதலை அறிந்திலர். இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சார்ந்த ரிச்சர்டு பிரைட்டு என்பார், அத்தகைய நோயாளரின் சிறுநீரைக் கரண்டியிலிட்டு விளக்கின்மேற் காய்ச்சி, அது திரைதலைக் கண்டு, அவர் இறந்தபின் உடலை அறுத்து ஆராய்ந்து, இரண்டிற்கும் உள்ள தொடர்பினை 1827இல் நூலாக வெளியிட்டார். நோயினை அறிந்தாரேயன்றி அதனைத் தீர்க்க அவரிடம் ஒன்றும் இல்லை. அடுத்த நூறாண்டும் அவ்வாறே கழிந்தது.

இம்மருத்துவத்திற்கு இன்று வழங்கும் ‘டயாலிசிஸ்’ என்னும் பெயர் மருத்துவர் இட்டதன்று. தாமசு கிரகாம் என்னும் ஸ்காத்லாந்து வேதியியலார், மெல்லிய சவ்வொன்றின் ஒருபுறம் கரைசலும் மறுபுறம் நீரும் இருப்பின், சிறு துகள்கள் சவ்வினைக் கடந்து செல்லப் பெருந்துகள்கள் கடவாது நிற்கும் என்பதனைக் கண்டு, 1861இல் அச்செயலுக்குக் கிரேக்க மொழியினின்று இப்பெயரை அமைத்தார். பிரித்துத் தளர்த்துதல் என்பது அதன் பொருள். அப்பொழுது அவர் வகித்த பதவி பிரித்தானிய நாணயச்சாலைத் தலைவர் என்பது. நம்மவர் இதனைக் ‘கூழ்மப் பிரிப்பு’ என்றும், ‘குருதித் தூய்மிப்பு’ என்றும், செய்தித்தாள்களில் ‘இரத்தச் சுத்திகரிப்பு’ என்றும் பலவாறாக வழங்குகின்றனர். முதலது வேதியியற் செயலையும் பின்னவை அதன் பயனையும் குறித்தலின், ஒன்றனுக்கு மற்றொன்று மாற்றாகாது. நோயாளரும் அவர்தம் வீட்டாரும் ‘டயாலிசிஸ்’ என்றே கூறுகின்றனராதலின் யானும் அவ்வழக்கினையே பின்பற்றுகின்றேன்.

கிரகாமின் சவ்வினைக் குருதிக்குப் பயன்படுத்த முனைந்தோர் பலர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏபெல் என்பாரும் அவர் துணைவரும் 1913இல் நாய்களின் குருதியைச் சவ்வுக்குழாய்களின் வழிச் செலுத்திக் காட்டினர். குழாயிற் குருதி உறையாதிருத்தற்கு அவர்கள் அட்டையின் வாய்நீரினின்று எடுத்த பொருளைப் பயன்படுத்தினர். செருமனியின் கீசன் நகரில் கேயோர்க்கு ஹாஸ் என்பார் 1924இல் முதன்முறையாக மனிதர்மேல் இதனைச் செய்தார். எவரையும் பிழைப்பிக்க இயலாமையின் சில ஆண்டுகளில் கைவிட்டார். குருதி உறையாமற் காக்கும் ஹெப்பாரின் என்னும் மருந்து தூயதாகக் கிடைத்ததும், செல்லோபேன் என்னும் கண்ணாடித்தாள் குழாய் வடிவில் விற்பனைக்கு வந்ததும் அதன் பின்னரே. பின்னதனைச் செய்தவர்கள் கருதியது மருத்துவத்தையன்று. இறைச்சியடைத்த பண்டங்களுக்கு உறை வேண்டியே அதனைச் செய்தனர்.

காம்பன் நகரில்

நெதர்லாந்து நாட்டு வில்லெம் கோல்ப் என்னும் மருத்துவர், 1938ஆம் ஆண்டு கிரோனிங்கன் மருத்துவமனையில் இளைஞர் ஒருவர் சிறுநீரகம் செயலற்று மெல்ல மெல்ல மாய்தலை அருகிருந்து கண்டார். நாள்தோறும் அவ்விளைஞன் குருதியில் தேங்கும் யூரியாவிற் சில கிராமை அகற்றக்கூடுமாயின் அவன் வாழ்வானே என்னும் எண்ணம் அவரை விடவில்லை. 1940 மே மாதம் செருமானியப் படை அந்நாட்டைக் கைக்கொண்டது. கிரோனிங்கனில் அவர்தம் துறைத்தலைவரும், யூதருமாகிய பேராசிரியர், மனைவியோடு தம்முயிரை மாய்த்துக் கொண்டார். அவ்விடத்திற்கு நாசிச் சார்பினர் ஒருவர் வரவே, அவரின்கீழ்ப் பணியாற்ற விரும்பாத கோல்ப், காம்பன் என்னும் சிற்றூரின் மருத்துவமனைக்குச் சென்றார்.

அங்கு அவர் செய்த பொறியைப் பார்த்தால் இன்றைய மாணவர் நகைத்தல் கூடும். மரச்சட்டங்களாலாய உருளை ஒன்றின்மீது செல்லோபேன் குழாய் சுற்றப்பெற்றது. உருளையின் கீழ்ப்பாதி உப்புநீர் நிரம்பிய தொட்டியில் மூழ்கியிருந்தது. அத்தொட்டியினை அவ்வூர்ப் பீங்கான்பூச்சுப் பாத்திரத் தொழிற்சாலையினர் செய்தளித்தனர். உருளை சுழல, குழாயினுள் குருதி ஓட, யூரியா சவ்வினைக் கடந்து நீரிற் கலந்தது. 1943 மார்ச்சு 17ஆம் நாள் 29 வயது மங்கை ஒருவருக்கு முதன்முறையாக இது செய்யப்பட்டது. அவர் சில நாள் தேறினார். ஆயின் ஒவ்வொரு முறையும் புதிய குருதிக்குழாய் ஒன்றினை அறுத்துத் திறக்க வேண்டியிருந்தமையின், திறத்தற்குரிய இடங்கள் யாவும் தீர்ந்தபின் மருத்துவமும் தீர்ந்தது, அவர் இறந்தார். இச்செய்தியை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அடுத்த பதினேழாண்டும் இம்மருத்துவத்தைத் தடுத்து நின்றது பொறியின் குறையன்று, குருதிக்குழாயின் குறையே.

அதன்பின் சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர். 1945 செப்டம்பரில் 67 வயது மூதாட்டி ஒருவர் நினைவிழந்த நிலையிற் கொண்டுவரப்பட்டார். போர் முடிந்துவிட்டது, அவர் நாசியர்க்குத் துணைநின்றார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் சிறைப்பட்டிருந்தவர். அவர் பிழைத்தலை ஊரார் பலர் விரும்பவில்லை என்ப. கோல்ப், அம்மூதாட்டியார் யார் என்பதனை ஆராயாது பொறியிலிட்டார். அவர் கண் விழித்தார். செயலற்றிருந்த அவர் சிறுநீரகங்கள் மீண்டும் இயங்கின. மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். செயற்கைச் சிறுநீரகத்தால் உயிர் மீண்டவரென ஐயமின்றிச் சொல்லத்தக்க முதல் மனிதர், தம் ஊராரால் வாழத் தகாதவர் என எண்ணப்பட்ட ஒருவரே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்வரும் பகுதிக்கு இச்செய்தி இன்றியமையாதது.

கோல்ப் தாம் செய்த பொறிகளைப் பிற நாடுகளுக்கு இலவயமாக அனுப்பினார். 1950இல் தாமும் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரில் திருத்தியமைக்கப்பட்ட அவர் பொறி கொரியப் போர்க்களத்திற் காயமுற்ற வீரர் பலரைக் காத்தது. ஆயினும் அஃது அனைத்தும் சிலநாட் செயலற்று மீளும் சிறுநீரகங்களுக்கே உதவிற்று. மீளாது நின்றுவிட்டவற்றிற்கு அதனாற் பயனில்லை.

சியாட்டிலின் எழுவர்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மருத்துவர் பெல்டிங்கு ஸ்கிரிப்னர், தம்மிடம் வந்த நோயாளி ஒருவர் டயாலிசிஸால் நன்கு தேறிய பின்னரும், அவர் சிறுநீரகங்கள் இனி மீளா என்பது தெரிந்தமையின், அவரைச் சாதற்கென வீட்டிற்கு அனுப்ப நேர்ந்தது. அத்துயரம் அவரை வருத்த, ஓர் இரவு உறக்கத்தினின்று விழித்தெழுந்தபொழுது வழி புலப்பட்டதென அவரே பின்னர்க் கூறியுள்ளார். கையின் தமனியில் ஒரு குழாயும் சிரையில் ஒரு குழாயும் நிலையாகப் பொருத்தி, டயாலிசிஸ் நிகழாத காலத்து அவ்விரண்டனையும் தோலின் புறத்தே வளைந்த குழாயொன்றினால் இணைத்துவிடின், குருதி இடையறாது ஓடிக்கொண்டேயிருக்கும், உறையாது, ஒவ்வொரு முறையும் புதிதாக அறுக்க வேண்டுவதும் இல்லை. எதுவும் ஒட்டாத டெஃப்லான் என்னும் பொருளால் அக்குழாயினைப் பொறியாளர் வேன் குவின்டன் செய்தளித்தார். 1960 மார்ச்சு 9ஆம் நாள், விமானத் தொழிற்சாலை ஒன்றிற் பணியாற்றிய 39 வயதினர் ஒருவருக்கு அது பொருத்தப்பட்டது. அவர் அதன்பின் பதினோராண்டு வாழ்ந்து 1971இல் இதயநோயால் மறைந்தார்.

ஒரு விரல் நீளக் குழாய், மீளாச் சிறுநீரக நோயினைச் சாவினின்று நீண்டகால நோயாக மாற்றியது. அன்றே புதியதோர் இடரும் பிறந்தது. பிழைத்தவர் ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுதும் வாரந்தோறும் பொறிக்கு வருதல் வேண்டும்; ஓராண்டிற்கு ஆகுஞ் செலவோ ஒரு தொழிலாளியின் ஆண்டு வருவாயினும் மிகுதி. பல்கலைக்கழக மருத்துவமனை மேலும் நோயாளரைச் சேர்க்க இயலாதெனக் கூறிவிட்டது. ஹார்ட்பர்டு அறக்கட்டளையின் பொருளுதவி கொண்டு, 1962 சனவரியில் சியாட்டில் நகரில் தனி நிலையமொன்று தொடங்கப்பெற்றது. அதில் இருந்த படுக்கைகள் மிகச் சில. வேண்டி நின்றவரோ பலர்.

எனவே அம்மாவட்ட மருத்துவர் சங்கத்தார் குழுவொன்றனை அமைத்தனர். முதலில் மருத்துவர் சிலர், உடல்நிலையால் இம்மருத்துவத்திற்குத் தக்காரைப் பிரித்தெடுப்பர். 45 வயதிற்கு மேற்பட்டோர்க்கும் குழந்தைகட்கும் இடமில்லை. வாஷிங்டன் மாநிலத்து வாழ்நராதலும் வேண்டும். அவ்வாறு தேர்ந்தவருள் எவர் பொறியைப் பெறுவார் என்பதனை எழுவர் கொண்ட மற்றொரு குழு முடிவு செய்யும். வழக்கறிஞர் ஒருவர், சமய குரு ஒருவர், வங்கியாளர் ஒருவர், இல்லத்தரசி ஒருவர், அரசு அலுவலர் ஒருவர், தொழிற்சங்கத் தலைவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர் என்போர் அவ்வெழுவர். அவர்தம் பெயர் வெளியிடப்படவில்லை. அவர்களும் நோயாளரை நேரிற் கண்டிலர்.

எவற்றைக் கொண்டு அவர்கள் தேர்ந்தனர்? வயது, பால், மணமாகியவரா என்பது, காக்க வேண்டிய மக்கள் எத்துணையர் என்பது, வருவாய், சொத்து, மனவுறுதி, கல்வி, தொழில், இதுகாறும் செய்தவை, இனிச் செய்யக்கூடியவை என்றின்னோரன்னவற்றை அவர்கள் கணக்கிட்டனர். ஷானா அலெக்சாந்தர் என்னும் பெண் எழுத்தாளர் இக்குழுவின் செயல்முறையை ஆராய்ந்து ‘லைப்’ இதழில் 1962 நவம்பர் 9இல் எழுதிய நீண்ட கட்டுரையே இதனை உலகறியச் செய்தது. அதனைப் படிக்குங்கால், அவ்வெழுவரும் கொடியவரல்லர் என்பது நன்கு புலனாகும். அவர்கள் செலுத்திய ஆராய்ச்சியின் நுணுக்கமே நம்மை நடுங்கச் செய்கின்றது. இறப்பவன் மனைவி மறுமணம் செய்துகொள்ளுதற்கு வாய்ப்புண்டா என்பதனையும் அவர்கள் எண்ணினர். ஆறு குழந்தைகளையுடைய இளங் கைம்பெண்ணினும் மூன்று குழந்தைகளையுடையாட்கு அவ்வாய்ப்பு மிகுதி என ஒருவர் கருதினார். செட்டாக வாழ்ந்து பொருள் சேர்த்து வைத்தவன் இறப்பினும் அவன் குடும்பம் வருந்தாதாகையால் ஏனையோனுக்கே இடம் தருதல் தகும் என்ற கருத்து எழுந்தபொழுது, அது சிக்கனமுடையானையே தண்டித்ததாகாதோ என மற்றொருவர் வினவினார்.

இவ்விடத்துப் பரிமேலழகரை மீண்டும் நினைதல் வேண்டும். அவர் உரையில் பொருளுடைமை நோயாளிக்குத் துணை செய்வது. சியாட்டில் அவையிலோ அஃது ஒருகால் நோயாளிக்கு எதிராகவே நின்றது. குறள் கூறும் நாற்கூற்றில் இல்லாத ஐந்தாங் கூறொன்று, தேர்வோர் என்பது, அங்குப் புகுந்தது. மருந்தும் உண்டு, தீர்ப்பானும் உண்டு, அருகிருப்பானும் உண்டு, நோயாளிக்கு மருந்துத் துன்பம் பொறுக்கும் ஆற்றலும் உண்டு. ஆயினும் அவன் வாழத்தக்கவனா என்பது அறியா எழுவரின் வாயில் இருந்தது. காம்பனில் கோல்ப் கேளாது விட்ட வினாவினை, பதினேழு ஆண்டுகட்குப்பின் சியாட்டிலில் முறைப்படி அவை கூட்டிக் கேட்டனர்.

குழுவினைக் கண்டித்தவர் பலர். சாண்டர்சு, டுயூக்மினியர் என்னும் இருவர் 1968இல் சட்ட இதழொன்றில் எழுதுங்கால், இம்முறையின்கீழ்த் தோரோவைப் போன்ற தனிப்போக்கினர்க்குச் சிறுநீரகம் கெட்டால் இடமே கிடையாது என எள்ளினர். நடுத்தர வகுப்பார் தம்மைப் போன்றவரையே தேர்ந்தெடுப்பர் என்பது அவர் வாதம். அவ்வாதம் வலிமையுடையதேயெனினும், அக்குழுவிற்கு மாற்றாக எதனைச் செய்திருத்தல் வேண்டும் என்னும் வினா எளிதன்று. திருவுளச்சீட்டு இடுதலா? முதலில் வந்தார்க்கு முதலில் தருதலா? அல்லது பொருளுடையார்க்கே விற்றலா? குழு இல்லாத ஊர்களில் இறுதி முறையே, பெயர் சொல்லப்படாமல், நடந்தது. மறைவில் நடந்த தேர்வினைச் சியாட்டிலார் வெளிப்படச் செய்தனர் என்பதே என் கருத்து. அவ்வளவிற்கு அவர்கள் நேர்மையாளர். ஸ்கிரிப்னரும் இவ்வறச்சிக்கலை மறைக்கவில்லை. 1964இல் செயற்கையுறுப்பு ஆராய்ச்சியாளர் சங்கத்துத் தலைமையுரையினை இதன்பாலே செலவிட்டார்.

அதே ஆண்டு சியாட்டிலில் நிகழ்ந்த மற்றொன்று குறிக்கத்தக்கது. பள்ளியிற் பயிலும் சிறுமி ஒருத்தி, வயது குறைவென்னும் காரணத்தால் குழுவினால் விலக்கப்பட்டாள். அவள் தந்தையின் நண்பர் ஆல்பர்ட் பாப் என்னும் பல்கலைக்கழகப் பொறியியற் பேராசிரியர். அவர் தம் துணைவருடன் இரவு பகலாக முயன்று, வீட்டிலேயே இயங்கக்கூடிய சிறு பொறி ஒன்றினைச் சில மாதங்களிற் செய்து முடித்தார். தாயே அதனை இயக்கக் கற்றார். சிறுமி மேலும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து பள்ளிக்கல்வியை நிறைவு செய்தாள். பின்வந்த டயாலிசிஸ் பொறிகட்கெல்லாம் முன்னோடியாக நின்றது அப்பொறியே. குழுவின் ‘இல்லை’ என்னும் சொல் இன்றேல் அது அவ்விரைவிற் பிறந்திராது. இதனைக் கொண்டு குழுவினைப் பாராட்டுதல் தகாது; பொறியியற் பேராசிரியரை நண்பராகப் பெறாத குழந்தைகளின் கதைகளை எவரும் எழுதிவைத்திலர்.

1966இல் பிரெசியா, சிமினோ முதலியோர், தமனியையும் சிரையையும் தோலின்கீழ் நேரே இணைத்துத் தைக்கும் முறையினை வெளியிட்டனர். புறத்தே குழாய் தொங்குதல் ஒழிந்தது. இன்றும் நம்மூர் நோயாளரின் முன்கையிற் புடைத்துத் துடிக்கும் நரம்புபோற் காணப்படுவது அதுவே.

குழுவினைத் தேவையற்றதாக்கியது அறவுரையன்று, சட்டம். 1971 நவம்பர் 4ஆம் நாள், நோயாளர் சங்கத்தைச் சார்ந்த ஒருவர் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்றின் முன்னிலையில், பொறியில் இணைக்கப்பட்டவாறே சான்று கூறினார். சில நிமிடமே நிகழ்ந்த அக்காட்சி பலராற் பேசப்பட்டது. 1972 அக்டோபர் 30இல் கையொப்பமிடப்பட்ட சட்டம், 1973 சூலை முதல் ஏறத்தாழ எல்லாச் சிறுநீரக நோயாளரின் செலவினையும் அரசே ஏற்கச் செய்தது. தொடக்கத்தில் ஏறத்தாழப் பதினாயிரவர்க்குப் பயன்பட்ட அத்திட்டம் பின்னர்ப் பல இலக்கம் பேர்க்கு விரிந்தது. பொருளுடைமை நோயாளியினின்று அரசிற்கு இடம் பெயர்ந்தது எனலாம். உடன் விளைந்த மாற்றம் ஒன்று: அக்காலத்து அமெரிக்க நோயாளருள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தனர், நிலையங்களுக்குப் பணம் வரத்தொடங்கியபின் அத்தொகை விரைவிற் குறைந்தது. எவ்வழி சிறந்தது என்பதனை மருத்துவம் ஒன்றே முடிவு செய்வதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

பிற வழிகள்

வயிற்றின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் சவ்வும் ஒரு வடிதாளே. வயிற்றறையில் நீர்மத்தைச் செலுத்திச் சிறிது நேரங்கழித்து வெளியேற்றின் கழிவுகளும் அதனுடன் வரும். செருமானியராகிய கான்டர் 1923இல் இதனை முயன்றார். நிலையாக வயிற்றில் தங்கும் மென்குழாயினை 1968இல் டெங்காப் என்பார் சியாட்டிலில் அமைத்தார். 1976இல் பாப்போவிச்சு, மான்கிரீப் என்னும் இருவர், நீர்மத்தை எப்பொழுதும் வயிற்றில் வைத்திருந்து நாளொன்றுக்கு நான்கைந்து முறை மாற்றும் முறையினைக் கூற, கனடா நாட்டு ஒரியோபுலோசு கண்ணாடிப் புட்டிகட்கு மாற்றாக நெகிழிப் பைகளைப் பயன்படுத்தி அதனை எளிதாக்கினார். பொறி வேண்டா, மின்விசை வேண்டா, ஊசி வேண்டா. தூய கைகளும் ஒழுங்குமே வேண்டுவன. ஹாங்காங்கு அரசு 1985 முதல் இம்முறையினையே முதற்கண் அளிக்கும் கொள்கையினை மேற்கொண்டுள்ளது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்துதலின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. குருதிக்குழாய்களைத் தைக்கும் கலையினைக் கரேல் இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமைத்துவிட்டார். உக்ரைனில் வோரோனாய் 1933இல் இறந்தவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினார். நோயாளி இரண்டு நாளே வாழ்ந்தார். தையலில் குறையில்லை; உடல் அயலுறுப்பினை ஏற்க மறுத்தலே இடர். 1954 டிசம்பர் 23இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே, ஒருகரு இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தியபொழுது அவ்விடர் எழவில்லை. அவ்விருவரும் ஒருகரு இரட்டையரே என்பதனை உறுதி செய்தற்குக் காவல் நிலையத்தில் விரற்பதிவு எடுத்து ஒப்பிட்டனர். பெற்றவர் எட்டாண்டு வாழ்ந்தார்; ஈந்தவர் 2010 வரை இருந்தார். இரட்டையரல்லார்க்கும் இவ்வழியைத் திறந்தவை 1960களின் அசாதையோப்ரின், 1980களின் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்துகள்.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் வெற்றியுடன் நிகழ்ந்த முதற் சிறுநீரக மாற்று, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் நடைபெற்றது. அஃது நம் நாட்டிற்குப் பெருமையே. ஆயின் சைக்ளோஸ்போரின் வந்தபின், உறவினரல்லாதார் சிறுநீரகமும் பயன்படுமென்பது தெளியவே, சென்னையில் அஃது ஒரு வாணிபமாயிற்று. வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ என மக்கள் வழங்கிய காலம் அது. ஊர்ப்பெயராய்வு செய்யும் நண்பர்கள் இப்பெயரினைக் குறித்துக்கொள்ளுதல் தகும். ஓர் இடப்பெயர் இத்தகைய துயரைத் தாங்கிநிற்றல் அரிது. அந்நாளில் தேர்வோர் எழுவர் அல்லர், தரகர்.

1994இல் இயற்றப்பெற்ற மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடை செய்ததோடு, மூளைச்சாவினையும் சாவென ஏற்றது. விற்பனை உடனே நின்றுவிடவில்லை. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ந்து 2002இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வு நம்மவர் அனைவரும் படித்தற்குரியது. அவருள் நூற்றுக்குத் 96 பேர் கடனைத் தீர்க்கவே விற்றனர். விற்றபின் அவர்தம் குடும்ப வருவாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரும்பாலார் கடனும் தீர்ந்திலது. பிறர்க்கு இச்செயலைப் பரிந்துரையேம் என நூற்றுக்கு 79 பேர் கூறினர். விற்றோருள் மிக்கார் பெண்டிர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையால் வீடிழந்து எர்ணாவூரிற் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்டிர் சிலரும் சிறுநீரகம் விற்றமை 2007இல் வெளிப்பட்டது. பரிமேலழகர் கூறிய பொருளுடைமை ஒருவர்பால் உளதாதற்கு, அஃதின்மை மற்றொருவர்பால் வேண்டப்பட்டது.

2008இல் தமிழ்நாட்டரசு பிறப்பித்த ஆணைகள், மூளைச்சாவுற்றாரின் உறுப்புக்களை வரிசைமுறைப்படி வழங்கும் ஏற்பாட்டினைச் செய்தன. இங்கும் ஒரு வரிசை உண்டு. அதுவும் ஒருவகைத் தேர்வே. ஆயின் குருதிப்பிரிவு, காத்திருந்த காலம் முதலியன அதன் அளவைகள். மறுமண வாய்ப்பு அன்று. மாநில அரசின் காப்பீட்டுத் திட்டமும், 2016இல் நடுவணரசு அறிவித்த டயாலிசிஸ் திட்டமும் வறியவர் பலரைப் பொறிக்கு அருகே கொண்டுவந்துள்ளன. பொறிக்குச் சென்றுவரும் பேருந்துச் செலவும், வாரத்தில் மூன்று நாள் இழக்கும் கூலியும் எத்திட்டத்தின் கணக்கிலும் எளிதில் அடங்குவனவல்ல. தொடங்கிய மருத்துவத்தைப் பலர் இடையே கைவிடுதற்கு இவையும் காரணம்.

நான்காம் வழி பற்றி ஒரு சொல். பொறியினை வேண்டாமை தற்கொலை போல்வதெனச் சிலர் கருதுவர். முதுமையும் பிற கொடுநோய்களும் உடையார்க்கு டயாலிசிஸ் தரும் கூடுதல் நாட்கள் சிலவாதலும், அந்நாட்களும் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே கழிதலும் இன்றைய மருத்துவர் உணர்ந்துள்ளனவாம். மூச்சுத்திணறல், அரிப்பு, வலி இவற்றைத் தணித்து நோயாளியைத் தம் வீட்டிலேயே இருக்கச் செய்தல் மருத்துவமே, கைவிடுதலன்று. ஆயின் இவ்வழி, ஏனைய மூன்றும் உண்மையாகவே திறந்திருக்கும்பொழுது தேரப்படின்தான் தேர்வெனப்படும். பணமின்மையால் அதன்கண் தள்ளப்பட்டவனைத் தேர்ந்தான் எனக் கூறுதல் சொல்லிலக்கணத்திற்கும் பொருந்தாது. தேர்தல் என்னும் வினை ஒன்றிற்கு மேற்பட்டவற்றை வேண்டி நிற்பது.

என் உறவினர் இரண்டாம் வழியினைக் கொண்டார். அவர் ஊரினின்று டயாலிசிஸ் நிலையம் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது; வாரம் மும்முறை சென்றுவர அவரால் இயலாது. தம் சிறுநீரகத்தைத் தர முன்வந்த தம்பிக்குச் சருக்கரை நோய் இருத்தல் ஆய்வில் தெரிந்தது. ஆதலின் இப்பொழுது நாள்தோறும் நான்கு முறை பைகளை மாற்றுகின்றனர். வீட்டின் புறத்தறை ஒன்றனை வெண்சுண்ணம் பூசித் தனியே ஒதுக்கியுள்ளனர். அவர் மனைவியார் ஐந்தாம் வகுப்பு வரை பயின்றவர். மாற்றிய நேரத்தையும் வெளிவந்த நீர்மத்தின் அளவையும் நிறத்தையும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிவைக்கின்றார். உழைச்செல்வானுக்குப் பரிமேலழகர் வேண்டிய அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியவாறு செய்தல், அறிவு என்னும் நான்கும் அத்தாள்களில் உள. சென்ற முறை யான் சென்றிருந்தபொழுது நீர்மம் சற்றே கலங்கி வந்ததென்று, இருள் நீங்குமுன் பேருந்தேறி, அப்பையினைத் துணியிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டச் சென்றிருந்தார்.